குப்பை சோறு, யூரியா கொயம்பு

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் பேருந்தில் அந்த அக்கா ஏறினால், முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தாங்களாகவே எழுந்து பின்னால் போய்விடுவார்கள். அக்காவின் இடுப்பில் ஒரு மூங்கில் கூடை இருக்கும். கூடையின் மேல் ஈரச் சாக்கு. சாக்குக்குக் கீழே, ஆவடியில் அவள் வீட்டுக் கொல்லைச் செடிகளுக்காக, அவள் அம்மா வீட்டு மாடுகளின் சாணம்.

“இன்னாம்மா அது, இந்த நாத்தம் நாறுது?” என்பார் கண்டக்டர்.

“சோறு.”

“சோறா?”

“இன்னிக்கு இப்டித்தான் கீது. தை மாசம் உன் தட்டுல வந்து குந்தும். அப்போ மோந்து பாரு, நைனா.”

பேருந்தே சிரிக்கும். அக்கா விடமாட்டாள். கூடைக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் கேட்டு வாங்குவாள். டிக்கெட் வாங்கிய பிறகு கூடை பிரயாணியாகிவிடுகிறதே. அதை இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஆவடி வரை வருவாள்.

போகும்போதும் கூடை காலியாகப் போகாது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையிலிருந்த எல்லா வீட்டுக் காய்கறித் தோலும், வாழைச் சருகும், அடுப்புச் சாம்பலும் அதில் இருக்கும். இங்கிருந்து அது, அங்கிருந்து இது. வெறுங்கையோடு ஒரு வழி போனால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வராது என்று அவள் கணவரே சொல்லுவார். அவர் தொழிற்சாலையில் வெல்டர். அதிகம் பேசமாட்டார். வீட்டில் அதற்கு இடமும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில், ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் அந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனேன். என் கணவருக்கு அதே தொழிற்சாலையில் வேலை. எனக்குச் சொந்த ஊர் திருச்சி. தாவரவியலில் பட்டம் வாங்கியிருந்தேன். அதை வைத்து என்ன செய்வது என்று முடிவு செய்வதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. முடிவு செய்வது எனக்கு எப்போதுமே கஷ்டம். குழந்தைக்கு ஃபேன் போட்டால் சளி பிடிக்குமோ, போடாவிட்டால் வேர்க்குருவோ என்று ஸ்விட்ச் பக்கத்திலேயே நிற்பேன். அக்கா எதிர்வீடு. அவள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் நான் நிற்பது தெரியும்.

“இன்னா தங்கச்சி, ஸ்விட்சுக்குக் காவலா?”

அப்படித்தான் முதலில் பேசினாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“ஃபேனைப் போடு. கொயந்தைக்கு மேல ஒரு துணியப் போத்து. ரெண்டும் இருந்தா இன்னா இப்போ?”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அக்கா. அவளைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கவேண்டியிருக்கும். இதுவா அதுவா என்று இரண்டு பொருள் அவள் முன்னால் வந்தால், அவளுக்கு அது கேள்வியாகவே படாது. கல்யாண வீட்டில் பந்தியில் பாயசமா ஐஸ்கிரீமா என்று கேட்டவனை, ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

நாங்கள் குடிபோன வருஷம்தான் குவார்ட்டர்ஸில் பல வீடுகளுக்கு காஸ் வந்தது. அதுவரை மரத்தூள் அடுப்பு. மரவாடியிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் வாங்கி, தகர அடுப்பில் நடுவே பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் கெட்டித்து, பாட்டிலை உருவி எடுத்துப் பற்றவைக்க வேண்டும். காஸ் வந்ததும் எல்லாரும் அந்த அடுப்பைத் தூக்கி எறிந்தார்கள். அக்கா எறியவில்லை. மேடையில் காஸ், கீழே மரத்தூள். மேலே குழம்பு கொதிக்கும், கீழே குளிக்க வெந்நீர் காயும். நடுவில் நின்றுகொண்டு, கையில் ஒரு கரண்டி, இன்னொரு கையில் ஒரு குச்சியுடன் இரண்டையும் கிளறுவாள்.

இதையெல்லாம் எல்லாரும் ரசித்தார்கள் என்று சொல்லமுடியாது. எனக்கே ஒருமுறை அவள்மேல் சந்தேகம் வந்தது. எங்கள் வரிசையில் இரண்டு வீட்டுப் பெண்களுக்குள் துணி காயப்போடும் கயிற்றுக்காகச் சண்டை. யார் முதலில் கட்டியது, யாருக்கு வெயில் நேரம் என்று வாரக்கணக்கில் ஓடியது. அக்கா முதலாமவளிடம் போய், “நீ சொல்றதுதான் கரீட்டு” என்றாள். இரண்டாமவளிடமும் அதையே சொன்னாள். இருவரும் குழாயடியில் சந்தித்தபோது விஷயம் வெளியே வந்துவிட்டது.

“இந்தப் பக்கம் ஒரு பேச்சு, அந்தப் பக்கம் ஒரு பேச்சா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று இருவரும் சேர்ந்து அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு வெட்கமே இல்லை.

“நீயும் கரீட்டு, அவளும் கரீட்டு. கயிறுதான் ஒண்ணே ஒண்ணு கீது. அது இன்னா பண்ணும் பாவம்?”

உள்ளே போய் ஒரு சுருள் கொச்சக்கயிற்றோடு வந்தாள். வேப்பமரத்தில் ஒரு முனையையும் கம்பத்தில் ஒரு முனையையும் கட்டினாள். சண்டை அத்தோடு முடிந்தது. எனக்கோ, இது நேர்மையா சாமர்த்தியமா என்று இரண்டு நாள் மண்டை குடைந்தது.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் என் மாமியார் கேழ்வரகுக் கூழ்தான் கொடுக்கவேண்டும் என்றார். தொழிற்சாலை ஆஸ்பத்திரி நர்ஸ் டப்பா மாவைச் சொன்னார். நான் டப்பாவையும் வாங்கி, கேழ்வரகையும் முளைகட்டிக் காயவைத்து அரைத்து, இரண்டையும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எதையும் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கணவரிடம் கேட்டால், “உனக்கு எது சரின்னு படுதோ செய்” என்பார். அதைவிடக் கொடுமையான பதில் உலகத்தில் உண்டா?

அக்கா வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். காலையில் கேவுரு, சாயங்காலம் டப்பா என்றாள். “மாமியாரு கேட்டா கேவுரு குட்தேன்னு சொல்லு. நர்ஸம்மா கேட்டா டப்பா குட்தேன்னு சொல்லு. ரெண்டுமே பொய் இல்ல.” குழந்தை இரண்டையும் வாங்கிக்கொண்டு கன்னம் தொங்கத் தொங்க வளர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வாருங்கள் என்று எங்களை முத்தாபுதுப்பேட்டைக்குக் கூட்டிப்போனாள். அவள் அப்பா வாழ்நாளெல்லாம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்து, கடைசிக் காலத்தில் வாங்கிய கொஞ்சம் நஞ்சை அங்கே இருந்தது. அப்பா போன பிறகு அவள் தம்பி அதைப் பார்த்துக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஷிஃப்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்து விவசாயம். உழைப்பாளி. அக்காவைவிட இரண்டு மடங்கு உயரம், பாதிதான் பேச்சு.

நாங்கள் போனபோது வரப்போரமாக ஒரு மூட்டை சுண்ணாம்புத்தூள் இருந்தது. வீட்டுமனைத் தரகர் கொண்டுவந்து போட்டது என்று தம்பி சொன்னார். கோடு போட்டு, கல் நட்டு, நிலத்தை மனைகளாக விற்றுவிடப் போகிறாராம்.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாத்துக்கு?”

“இன்னாத்துக்கா? வருசா வருசம் யூரியா கூட கூடப் போடறேன். நெல்லு கொறைய கொறைய வருது. ஏரு போட்டா மண்ணு செங்கல்லு செங்கல்லாப் பேந்துகினு வருது. நீ குவாட்டர்ஸ்ல ஃபேன் காத்துல குந்திகினு கேப்ப.”

அக்கா குனிந்து ஒரு கட்டியை எடுத்தாள். வரப்பின் மேல் தட்டினாள். டொக்கென்று சத்தம் கேட்டது. உடையவில்லை. அதை என் கையில் கொடுத்தாள், நான் ஏதோ நீதிபதி மாதிரி.

“பாத்தியா தங்கச்சி, எப்டி வெளுத்து கீதுன்னு. எங்கப்பன் இருந்தப்போ இந்த மண்ணு கறுப்பா இருக்கும். நைனா குப்பை அடிப்பாரு.” வயலுக்குப் போடும் தொழு உரத்தை அங்கே குப்பை என்றுதான் சொல்வார்கள். தம்பியிடம் திரும்பினாள். “நீ குப்பை போட்டு எத்தினி வருசம் ஆச்சு?”

“குப்பை அள்ள ஆளு எங்க கீது? யூரியான்னா நானே ஒரு ஹவர்ல எறைச்சிட்டு ஷிஃப்ட்டுக்குப் பூடுவேன்.”

“டேய், குப்பைன்றது சோறு. யூரியான்றது கொயம்பு. வெறும் கொயம்ப ஊத்திகினே இருந்தா வவுறு வெந்து பூடாதா?”

“அப்போ உன் பேச்சுக்கு வெறும் சோறு துன்னணுமா?”

“வெறும் சோறு தொண்டையில எறங்குமா? ரெண்டும் போடுடா. ரெண்டும் இருந்தா இன்னா இப்போ?”

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் வழியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. விற்றால் விற்றதுதான். அக்காவுக்கும் தெரிந்திருக்கவேண்டும். சாப்பாடு முடிந்து கை கழுவும்போது பேச்சைத் தொடங்கினாள். வயலை நடுவில் ஒரு வரப்புப் போட்டுப் பிரிக்கவேண்டும். ஒரு போகம், பாதி அவளுக்கு. தம்பி வழக்கம்போல் யூரியா போடட்டும். அவள் அதில் பாதி யூரியாவும், மீதிக்குக் குப்பையும் போடுவாள்.

“என் பக்கம் ஒரு மரக்கா நெல்லு கொறைஞ்சாலும், நானே அந்தச் சுண்ணாம்ப எட்து மனைக்குக் கோடு போட்டுக் குடுக்குறேன். ஜாஸ்தி வந்துதுன்னா விக்கக் கூடாது.”

தம்பி சிரித்தார். “குவாட்டர்ஸ்லேர்ந்து வந்து நாத்து நடுவியா?”

“நட்டா இன்னா? குவாட்டர்ஸ்லயும் இருப்பேன், இங்கயும் இருப்பேன்.”

அந்த ஆடியிலும் ஆவணியிலும் எங்கள் வரிசை வீடுகள் அவளுக்காகத்தான் காய்கறி நறுக்கின என்று சொல்லவேண்டும். சண்டை போட்ட அந்த இரண்டு பெண்களும்கூடத் தோலைச் சேர்த்துவைத்தார்கள். அம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்த குவியல் பாதி வயலுக்குக்கூடப் போதாது என்று தெரிந்ததும், அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. காஸ் வந்த வீடுகளிலெல்லாம் மரத்தூள் மூட்டைகள் மூலையில் கிடக்கின்றனவே! வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எங்கள் வீட்டுக்கு முன் குடியிருந்தவர்கள் விட்டுப்போன மூட்டையை நானும் சந்தோஷமாகத் தூக்கிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டகையில் மாடுகளுக்குப் படுக்கையாகப் பரப்பினாள். சாணமும் மூத்திரமும் ஊறிய மரத்தூளை வாரி வயலில் சேர்த்தாள். குப்பைக் குவியல் மலைபோல ஆகிவிட்டது. “தூளு கூட மண்ணுக்குச் சோறுதான்” என்று பெருமை அடித்துக்கொண்டாள். மிஞ்சியதை என் கொல்லைக் கத்தரிச் செடிகளுக்கும் கொண்டுவந்து கொட்டினாள்.

நடவு முடிந்தது. ஐப்பசியில் ஒருநாள் அக்கா என் வீட்டுக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்தாள். குழந்தையைக்கூட வாங்கவில்லை.

“என்ன அக்கா?”

“பச்சையே இல்ல தங்கச்சி. தம்பி பக்கம் கருகருன்னு நிக்குது. என் பக்கம் காமாலை வந்தா மாரி கீது. வரப்புல நின்னுகினு கேக்குறான், ‘இன்னாக்கா, உன் பயிருக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனியா’ன்னு. நானும் சிரிச்சிட்டுத்தான் வந்தேன்.”

அங்கே சிரித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ‘ரெண்டும்’ என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை.

அவள் போன பிறகு கொல்லைக்குப் போனேன். என் கத்தரிச் செடிகளும் மஞ்சள். நான்தான் தண்ணீர் ஊற்றுவதில் ஏதோ தப்பு செய்கிறேன் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கல்லூரி வகுப்பு நினைவுக்கு வந்தது. மக்காத மரத்தூள் மாதிரிச் சாமான்கள் மண்ணுக்குள் போனால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். பயிருக்குப் போகவேண்டியதை அவை முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் மேடம் சொன்னார். சொன்னாரா? அது மரத்தூளா, வைக்கோலா? அந்தப் பாடம் நடந்த வாரம் எனக்கு அம்மை போட்டிருந்ததோ? இன்னும் கொஞ்சம் யூரியா போட்டால் சரியாகிவிடும் என்று நான் சொல்லி, போட்டு, பயிர் கருகிவிட்டால்? அந்த நிலம் என்னால் போனதாகிவிடும். சொல்லாமல் இருந்து, அது சரியாகவே இருந்துவிட்டால்? அப்போதும் என்னால்தான்.

கணவரிடம் கேட்டேன். “சொல்லணும்னா சொல்லு. வேண்டாம்னா விட்டுடு.”

கடைசியில், அக்காவைக் கேட்டால் என்ன சொல்லுவாளோ அதைச் செய்தேன். சொல்லுவது, சொல்லாமலிருப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. கத்தரிப் பாத்தியில் பாதிச் செடிகளுக்கு மட்டும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அளவு தெரியவேண்டுமே என்று, குழந்தையின் மாவு டப்பாவிலிருந்த குட்டிக் கரண்டியால் அளந்தேன். ஊற்றி முடித்ததும், கரண்டியைக் கழுவினேனா, கழுவாமல் டப்பாவில் போட்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. கரண்டி கையில்தான் இருந்தது. இருந்தாலும் பாதி டப்பா மாவையும் கொட்டினேன். கணவர் டப்பாவையும் என்னையும் பார்த்துவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போனார்.

அந்த வாரக் கடைசியில் பாதிப் பாத்தி பச்சை கட்டியது. அக்காவை இழுத்துவந்து காட்டினேன். பயந்து பயந்து விளக்கினேன்.

“அப்போ நான் போட்ட யூரியாவ மரத்தூளு துன்னுட்டுச்சா?”

“தூள் தின்னலை அக்கா. தூளைத் தின்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிருங்க தின்னுடுச்சு. வயித்துக்குப் போறலைன்னு பயிரோடதையும் எடுத்துக்கிச்சு. தூள் மக்கின பிறகு திரும்ப மண்ணுக்கே விட்டுடும். மண்ணும் கறுப்பாகும். ஆனா அதுக்கு நாளாகும்.”

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தரிச் செடிகளைப் பார்த்தாள். முகம் மெல்ல விரிந்தது.

“அட, விருந்தாளிங்க மொத பந்தில குந்திட்டாங்களா? ஊட்டுப் புள்ள பட்டினியா நிக்குதா? அவ்ளோதான? இன்னொரு சட்டி கொயம்பு வெச்சா முடிஞ்சுது.” என் கன்னத்தைக் கிள்ளினாள். “இத்த ஒரு வாரமா வவுத்துலயே வெச்சிகினு இருந்தியா, கஸ்மாலம்?”

நேராகத் தம்பியிடம் போனாள். நானும் போனேன், குற்றவாளி தீர்ப்பைக் கேட்கப் போவதுபோல.

“கொஞ்சம் யூரியா குடு.”

“தோக்கப் போற பயிருக்கு எதுக்கு?”

“தோக்கப் போவுதுன்னு தெரிஞ்சப்புறம் குடுக்க இன்னா பயம்?”

தம்பி தலையைச் சொறிந்துவிட்டு எடுத்துக்கொடுத்தார். அக்கா அதை ஒரேயடியாக இறைக்கவில்லை. பிரித்துப் பிரித்து, சில நாள் விட்டுவிட்டுத் தூவினாள். நடுவில் மாங்காடு காமாட்சியிடமும் போய் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தாள். யூரியா ஒரு பக்கம் வேலை செய்யட்டும், அம்மன் ஒரு பக்கம் செய்யட்டும் என்றாள். பயிர் பச்சைக்கு வந்தது. ஆனால் தம்பியுடையதைப் போலக் கருகருவென்று இல்லை. குட்டையாகவும் இருந்தது. எனக்கு மட்டும் தினமும் கெட்ட கனவு.

கார்த்திகையில் மழை பிடித்தது. குவார்ட்டர்ஸ் படிக்கட்டு வரை தண்ணீர். காற்று வேறு. மழை விட்ட அன்று காலையே அக்காவோடு கிளம்பிவிட்டேன். குழந்தையை அவள் கணவரிடம் விட்டேன்.

வயலைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. உடனே அப்படி மூச்சு வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. அக்காவின் பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் நின்றது. தம்பியின் பக்கம், யூரியா குடித்துக் குடித்து உயரமாகக் கொழுத்திருந்த பயிர், பாய் விரித்ததுபோல் தண்ணீரில் படுத்துக்கிடந்தது. கதிர் பால் பிடிக்கிற சமயம். தம்பி வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மண்வெட்டி. எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா ஜெயித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். நெல் கிடக்கிற கிடைக்கு, இனி ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தம்பியின் பாதியில் இறங்கினாள். விழுந்த பயிரில் பக்கத்துப் பக்கத்துக் குத்துகளைச் சேர்த்து நிமிர்த்தி, அதன் தோகையாலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டி நிறுத்தினாள். அடுத்தது. அதற்கடுத்தது.

“அக்கா!” என்றேன்.

தம்பி எழுந்துவிட்டார். “உனுக்கு இன்னா பைத்தியமா? அது என் பக்கம்.”

“கண்ணு தெரியாதா எனக்கு?”

“அத்த நிமித்தினா நீதான் தோப்ப.”

“நெல்லு அழுவுனா எனக்குச் சோறு எறங்குமா? குந்திகினு பாக்காத. எறங்கு. அந்தக் கோடிலேர்ந்து நீ கட்டிகினு வா.”

“அக்கா, அப்புறம் கோடு போட வேண்டி வரும்.”

“வந்தா போடறேன். இப்போ இதுவும் நெல்லு, அதுவும் நெல்லு. எறங்குடா சோமாறி.”

தம்பி இறங்கினார். ஒரு கோடியிலிருந்து அவரும், இன்னொரு கோடியிலிருந்து அக்காவுமாகக் கட்டிக்கொண்டே வந்தார்கள். இது புத்திசாலித்தனமா, அசட்டுத்தனமா என்று வரப்பில் நின்று யோசித்துக்கொண்டிருந்த நான், யோசனை முடிவதற்குள் சேற்றில் இறங்கிவிட்டிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. நான் கட்டியவை பாதி அவிழ்ந்துவிட்டன. “தங்கச்சி, ஜடை பின்னாத, முடிச்சுப் போடு” என்று அக்கா கத்தினாள். அன்று மத்தியானம் மூவரும் நடு வரப்பில் உட்கார்ந்து, ஒரே தூக்கிலிருந்து மோர்ச்சோறு சாப்பிட்டோம்.

தை பிறந்ததும் களத்தில் இரண்டு குவியல். தூற்றி முடித்ததும் யாரும் மரக்காலை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. பார்த்த கண்ணுக்கே தெரிந்தது. அக்காவின் குவியல் பெரியது. தம்பியுடையது சிறியது, ஆனால் அன்று நிமிர்த்திக் கட்டாமலிருந்தால் அந்த அளவும் இருந்திருக்காது. தம்பி ஒரு கைப்பிடி நெல்லை அக்காவின் குவியலிலிருந்து எடுத்தார். ஊதினார். பதர் ஒன்றிரண்டுதான் பறந்தது. மெல்லவும் செய்தார். பிறகு போய்ச் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிவந்து அவள் காலடியில் போட்டார்.

“இத்த இன்னா பண்றது இப்போ?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. மூட்டையை உதைத்துப் பார்த்தாள்.

“மாட்டுக் கொட்டாயிக்கு அடி. செவுரு அசிங்கமா கீது.” பிறகு சட்டென்று நினைவு வந்தவளைப்போல், “யூரியா மூட்டைல மீதி கீதா?” என்றாள்.

“எதுக்கு?”

“அட்த்த போகத்துக்குடா. குப்பை என்னுது, கொயம்பு உன்னுது. மரத்தூள மட்டும் ஒரு வருசம் குழில போட்டு மக்க வெச்சப்புறம் போடணும். தங்கச்சி சொல்லிச்சு.”

தம்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் எதற்கு என்று தெரியாமல் திரும்பக் கும்பிட்டேன். அது வைக்கோலைப் பற்றிய பாடமாகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்தை அந்த நேரத்தில் சொல்லவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆடியில் அக்கா என்னை வயலுக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். நடு வரப்பை அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாக வெட்டி எடுத்து, வயலை ஒன்றாக்கி, புழுதி உழவு ஓட்டியிருந்தார்கள். முந்தின நாள் நல்ல மழை. என் மகள் அப்போது நடக்க ஆரம்பித்திருந்தாள். அக்கா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வயலுக்குள் நடந்தாள். வரப்பு இருந்த இடத்தின் மேலேயே, வரப்பு இன்னும் இருப்பதுபோல், ஒரு கையை நீட்டிச் சமாளித்துக்கொண்டு நேர்கோட்டில் நடந்தாள். பழக்கம்.

நாலைந்து எட்டில் கால் புதைந்தது. கணுக்கால் வரை போய்விட்டது. காலை உருவினாள். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

“பூட்டுச்சு! தம்பி, மண்ணு என் செருப்பத் துன்னுட்டுச்சுடா!”

“ஒண்ணுதான போச்சு? உடு.”

“ஒத்தச் செருப்ப வெச்சிகினு இன்னா பண்றது? எனுக்கு ரெண்டும் வோணும்.”

குழந்தையை மண்ணில் உட்காரவைத்துவிட்டு இரண்டு கையாலும் தோண்டினாள். ரப்பர் செருப்பு மக்காதே, எடுக்காவிட்டால் எத்தனை வருஷம் கிடக்குமோ என்று வரப்போரத்தில் நின்று நான் வேறு கவலைப்பட்டேன். அவள் வாரி எடுத்த மண் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. கறுத்திருந்தது. மரத்தூள் இருந்த சுவடே இல்லை. செருப்பை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தங்கச்சி, இங்க வந்து பாரேன். எங்கப்பன் மண்ணு!”

நான் பார்த்தது வேறொன்றை. என் மகள் ஒரு கைப்பிடி மண்ணை வாயில் போட்டுக்கொண்டு ஆனந்தமாக மென்றுகொண்டிருந்தாள்.

ஓடினேன். என் கால் புதைந்து, என் செருப்பும் போயிற்று. குழந்தையின் வாயில் விரலை விட்டுத் துடைத்து எடுப்பதற்குள் பாதி உள்ளே போய்விட்டது.

“உடு உடு. கேவுரு கூழுன்னு நெனச்சிகிச்சு, பாவம். மண்ணுதான துன்னுது?”

“அதுல சாணி இருக்கு அக்கா! யூரியா இருக்கு!”

“ரெண்டுமா கீது?” என்றாள் அக்கா, குரல் உடைந்து சிரித்துக்கொண்டே. “அப்போ நல்லா வளரும்.”

குழாயடியில் குழந்தையின் வாயை நன்றாகக் கழுவினேன். அக்கா சொன்னபடி அம்மன் திருநீறும் பூசினேன். வரும் வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி நர்ஸிடமும் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். என் காலில் என்னுடைய மீதிச் செருப்பு ஒன்றும் அக்காவின் மீதிச் செருப்பு ஒன்றும் இருந்தன. வாசலில் கழற்றும்போதுதான் அதைப் பார்த்தேன்.